ஊர் மாறி வந்தா சபைல பேர் சேர்க்கிறது எப்படி, ஏன் சேர்க்கணும்

திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கத்துல இருந்து சென்னைக்கு வேலைக்கு வர்ற நம்ம பிள்ளைங்க எல்லாத்தையும் மாத்துவாங்க. கேஸ் கனெக்‌ஷன் மாத்துவாங்க, ஆதார்ல அட்ரஸ் மாத்துவாங்க, பைக்குக்கு என்ஓசி கூட வாங்கிட்டு வருவாங்க, ஆனா சபைல, அதாவது சர்ச்ல இருக்கிற பேரை மட்டும் ஊர்லயே விட்டுட்டு வந்துருவாங்க. ஞாயித்துக்கிழமை மனசு வந்தா பக்கத்துல எங்கயாவது போய் கடைசி பெஞ்ச்ல உக்காந்து, ஆசீர்வாதம் சொல்றதுக்கு முன்னாடியே செருப்பைத் தேடிட்டு கிளம்பிருவாங்க. யாரையோ குத்திக் காட்டுறேன்னு நினைக்காதீங்க, 2009ல இருந்து ஆறு வருஷம் நானே அப்படித்தான் இருந்தேன்.

கேட்டா "நான் கோயிலுக்குப் போயிட்டுதானே இருக்கேன்"னு சொல்வேன். போறது வேற, ஒரு சபைக்காரனா இருக்கிறது வேறங்க. அதுக்கு நான் வச்சிருக்கிற அளவுகோல் ஒண்ணே ஒண்ணுதான், ரெண்டு வாரம் நீங்க வரலைன்னா "என்னப்பா, ஆளைக் காணோம்"னு கேக்க அங்க ஒரு ஆள் இருக்காரா? இருந்தா அது உங்க சபை, இல்லைன்னா நீங்க அங்க விருந்தாளி. விருந்தாளியாவே எத்தனை வருஷம் வேணாலும் இருக்கலாம், யாரும் விரட்ட மாட்டாங்க, அதான் சிக்கலே.

சரி, விஷயத்துக்கு வரேன். நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), அதனால அந்த முறைல சொல்றேன், மத்த சபைக்காரங்களுக்கு பின்னாடி கொஞ்சம் சொல்றேன்.

முதல்ல ஊர்ல பண்ண வேண்டிய வேலை. அடுத்த தடவை லீவுக்குப் போறப்ப ஐயரை (சபைப் போதகரை அப்படித்தான் சொல்வோம்) போய் பாருங்க, ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்ச உடனே பிடிக்காதீங்க, அன்னைக்கு அவரைச் சுத்தி பத்து பேர் நிப்பாங்க, அடுத்த சபைக்கு வேற ஓடணும், ஒரு ஐயர் பாத்துக்கிற வட்டத்தை சேகரம்னு சொல்வாங்க, அதுல அஞ்சாறு சபை இருக்கும்ல. சனிக்கிழமை சாயங்காலம் போங்க. "ஐயா தோத்திரம், நான் மெட்ராஸ்ல இருக்கேன், அங்க ஒரு சபைல சேரப் போறேன், லெட்டர் வேணும்"னு கேளுங்க. நீங்க எந்தக் குடும்பம், ஞானஸ்நானம் எடுத்தாச்சா, திடப்படுத்தல் (வளந்த பிறகு விசுவாசத்தை உறுதி பண்ற சடங்கு) ஆச்சா, நற்கருணைல (அப்பமும் ரசமும் வாங்குறதுல) பங்கு பெறுறவரான்னு எழுதி சீல் வச்சுத் தருவார். கையோட ஞானஸ்நான சர்டிபிகேட்டும் திடப்படுத்தல் சர்டிபிகேட்டும் காப்பி வாங்கிக்குங்க. சந்தா பாக்கி இருந்தா (எங்க பக்கம் சங்கக் காணிக்கைன்னு சொல்வாங்க) அதைக் கட்டிட்டுக் கேக்கிறதுதான் மரியாதை. அப்பா பேர்ல குடும்பமா கட்டிட்டு இருந்தாங்கன்னா பிரச்சினை இல்ல, உங்க பேரைத் தனியா பிரிச்சு எழுதச் சொல்லணும்.

இங்க வீட்ல ஒரு சண்டை வரும், முன்னாடியே சொல்லிடறேன். "ஊர்ல பேரை எடுத்துட்டா நாளைக்கு கல்லறைத் தோட்டத்துல இடம் தருவாங்களா, கமிட்டி எலெக்‌ஷன்ல ஓட்டு போயிருமே, தாத்தா கட்டின கோயில்லா"ன்னு சித்தப்பா பெரியப்பா எல்லாம் கிளம்புவாங்க. அப்பா அம்மா ஊர்லதான இருக்காங்க, அவங்க பேர் அங்க இருக்கட்டும், நீங்க எங்க வாரா வாரம் முழங்கால் போடுறீங்களோ அங்க உங்க பேர் இருக்கட்டும்னு சொல்லுங்க. அசனத்துக்கு (கோயில் விருந்துக்கு) ஊருக்குப் போறதையோ காணிக்கை அனுப்புறதையோ யாரும் தடுக்கப் போறதில்ல.

இனி சென்னைல எந்தக் கோயில்ங்கிற கேள்வி. எல்லாரும் பண்ற தப்பு, நல்ல பிரசங்கியாரைத் தேடுறது. ஓ.எம்.ஆர்.ல குடியிருந்துட்டு ஒரு பிரசங்கத்துக்காக எழும்பூர் வரைக்கும் போவாங்க, மூணு மாசம் போவாங்க, அப்புறம் மழை, அப்புறம் டிராஃபிக், அப்புறம் வீட்லயே போன்ல பாத்துக்கலாம்னு ஆயிரும். நல்ல பிரசங்கம் யூடியூப்ல எப்ப வேணாலும் கிடைக்கும். கிடைக்காதது பக்கத்துத் தெருவுல இருக்கிற சபைக்காரங்கதான். அதனால வீட்ல இருந்து இருபது நிமிஷத்துக்குள்ள போற மாதிரி பாருங்க, ராத்திரி பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடணும்னா கூப்பிடுற தூரத்துல ஆள் இருக்கிற மாதிரி பாருங்க.

பக்கத்துல இருக்கிறது நம்ம ஊர் மாதிரி இல்லையேன்னு முதல் வாரமே மூஞ்சி சுளிக்க வேணாம். 1947 செப்டம்பர் 27ஆம் தேதி சென்னை கதீட்ரல்லதான் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், ஏற்கனவே ஒண்ணா சேர்ந்திருந்த பிரஸ்பிட்டேரியன் காங்கிரிகேஷனல் சபைங்க எல்லாம் இணைஞ்சு சி.எஸ்.ஐ. ஆச்சு. அதனால பேர் ஒண்ணு, வாசனை வேற வேற. திருநெல்வேலி ஆங்கிலிக்கன் வழி, ஜெபப் புத்தகம், முழங்கால் போடுறது, வரிசையா போய் நற்கருணை வாங்குறதுன்னு இருக்கும். நாகர்கோவில் பக்கம் லண்டன் மிஷன் வழி, அங்க பழகினவங்களுக்கு எங்க திருநெல்வேலி ஆராதனை கொஞ்சம் கெடுபிடியாத் தெரியும். சென்னைல மெதடிஸ்ட் வழி வந்த கோயிலும் உண்டு, ஸ்காட்லாந்து காரங்க கட்டின கோயிலும் உண்டு. ஆனா உங்க ஊர் ஐயர் எழுதின லெட்டர் எல்லா இடத்துலயும் செல்லும், அதுக்காகத்தான் அந்தக் காலத்துல அவ்வளவு வருஷம் உக்காந்து பேசி இணைஞ்சாங்க.

ஒரே கோயிலுக்கு, ஒரே நேர ஆராதனைக்கு, விடாம நாலு ஞாயிறு போங்க. கடைசி பெஞ்ச் வேணாம், நடுவுல உக்காருங்க, முடிஞ்ச வரைக்கும் அதே இடத்துல, மனுஷனுக்கு இடத்தை வச்சுதான் முகம் ஞாபகம் நிக்கும். முடிஞ்சதும் பத்து நிமிஷம் வெளில மரத்தடில நில்லுங்க. யாராவது "தம்பிக்கு எந்த ஊரு"ன்னு கேப்பாங்க, ஊரைச் சொன்னா அங்க எங்க மாமா வீடு இருக்குன்னு சொல்வாங்க, இது நடக்கலைன்னா அது தமிழ் சபையே இல்ல.

அந்த நாலு வாரத்துல சும்மா கண்ணைத் திறந்து வைங்க. வருஷத்துக்கு ஒரு தடவையாவது வரவு செலவு கணக்கை சபைக்கு முன்னாடி வாசிக்கிறாங்களா? பேரைக் கேக்கிறதுக்கு முன்னாடி தசமபாகத்தைக் கேக்கிறாங்களா? கட்டடம், வண்டி, பேங்க் அக்கவுன்ட் எல்லாம் ஒரே குடும்பத்து பேர்ல இருக்கா? கேள்வி கேட்டா "அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே"ன்னு வாயை அடைக்கிறாங்களா? ஜெபிக்க ரேட் போடுற இடமா இருந்தா எவ்வளவு நல்லா பாடினாலும் திரும்பிப் பாக்காம வந்துருங்க. பிள்ளைங்க விஷயத்துல எவனாவது தப்பு பண்ணினதை "சபைக்குள்ளயே பேசித் தீர்த்துக்கலாம்"னு மூடுற இடத்துலயும் நிக்காதீங்க, அது போலீஸ்ல சொல்ல வேண்டிய விஷயம், ஜெபக் குறிப்புல எழுத வேண்டியது இல்ல.

இன்னொண்ணு இருக்கு, நம்ம ஆளுங்க வெளிப்படையா பேச மாட்டாங்க. "அது நம்ம ஆளுங்க கோயில், அங்க போ"ன்னு சொந்தக்காரங்க சொல்வாங்க. நம்ம ஆளுங்கன்னா என்ன அர்த்தம்னு உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். இது இன்னைக்கு நேத்து வியாதி இல்ல. 1833ல கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள்ள சாதி வித்தியாசம் உடனே அடியோட ஒழியணும்னு கடிதம் எழுதினார், அது வேப்பேரிலயும் தஞ்சாவூர்லயும் பெரிய கலகமாகி நிறைய பேர் சபையை விட்டே வெளிய போனாங்க. யோசிச்சுப் பாருங்க, இயேசுவை விட முடியும், தனி வரிசையை விட முடியாதுன்னு நின்னிருக்காங்க. அதனால நான் சொல்றது நேர் எதிரா இருக்கும், கல்யாணத்துக்கு நீங்க பொண்ணு எடுக்காத குடும்பத்து ஆளோட ஒரே நற்கருணைக் கிண்ணத்துல குடிக்கிற சபையாப் பாத்து சேருங்க. அப்படி ஒண்ணு வீட்டுப் பக்கத்துல இருந்தா உங்களுக்கு அதிர்ஷ்டம்னு வச்சுக்குங்க, விட்டுராதீங்க.

நாலு வாரம் முடிஞ்சுதா, லெட்டரை எடுத்துட்டு ஐயரைப் பாருங்க. அவர் செயலாளரைக் காட்டுவார், செயலாளர் ஒரு ஃபாரம் தருவார். குடும்பத்துல எல்லார் பேரும், பிறந்த தேதி, கல்யாண தேதி (ஞாயித்துக்கிழமை ஆல்டர் முன்னாடி கூப்பிட்டு ஜெபம் பண்ணுவாங்க, அதுக்கு), ரத்த குரூப், போன் நம்பர். சில சபைல கமிட்டில வச்சுட்டுதான் சேர்ப்பாங்க, ஒரு மாசம் ரெண்டு மாசம் ஆகும், கோவிச்சுக்காதீங்க. சந்தா எவ்வளவுன்னு கேட்டு அன்னைக்கே கட்டி கார்டு வாங்கிருங்க. எந்த ஏரியா ஜெபக் குழுல நீங்க வர்றீங்கன்னு கேளுங்க, இதைத்தான் எல்லாரும் கேக்க மறக்கிறாங்க. கோயில்ல ஐநூறு பேர் இருப்பாங்க, அத்தனை பேரையும் உங்களால தெரிஞ்சுக்க முடியாது, ஏரியா ஜெபத்துல பதினஞ்சு பேர்தான், ஒரு வீட்டு ஹால்ல பாய் விரிச்சு உக்காந்து, ரெண்டு பாட்டு, ஒரு வசனம், ஜெபக் குறிப்பு, கடைசில சுண்டலோ கேசரியோ. அங்கதான் யாருக்கு வேலை போச்சு, யார் வீட்ல பையன் பேச மாட்டேங்கிறான்னு தெரியும்.

இப்ப எனக்கு நடந்ததைச் சொல்றேன். 2015 ஜூலைல, வீட்டுக்காரி விடாம நச்சரிச்சதுல, தாம்பரம் பக்கம் ஒரு சபைல பேர் சேர்த்தேன். அப்ப முடிச்சூர்ல மாடி வீடு, கைல எட்டு மாசக் குழந்தை. டிசம்பர் 1ஆம் தேதி ராத்திரி அடையாறு பொங்கிச்சுல்ல, விடியறப்ப கீழ் வீட்ல ஜன்னல் வரைக்கும் தண்ணி. கரன்ட் இல்ல, போன் செத்துப் போச்சு. நான் வேலை பாத்த கம்பெனில நானூறு பேர், அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல எழுபது பேர், ஒருத்தருக்கும் நாங்க உள்ள இருக்கிறது தெரியாது. ரெண்டாவது நாள் மத்தியானம் கீழ இருந்து யாரோ என் பேரைச் சொல்லிக் கூப்பிடுறாங்க. எட்டிப் பாத்தா எங்க ஏரியா லீடர், ரயில்வேல ரிட்டயர் ஆனவர், அறுபத்தஞ்சு வயசு இருக்கும், நெஞ்சு வரைக்கும் தண்ணில நிக்கிறார், தலைக்கு மேல ஒரு கைல பால் பவுடர் பாக்கெட், இன்னொரு கைல பிரெட் கவர்ல சுத்தின நோட்டு. அந்த நோட்டுல எங்க ஏரியா சபைக் குடும்பம் முப்பத்தோரு வீடும் கதவு நம்பரோட எழுதியிருக்கு. ஒவ்வொரு வீடா போய் டிக் போட்டுட்டு வந்திருக்கார். "தம்பி, உங்க பேருக்கு நேரா மட்டும் டிக் விழலை, அதான் வந்தேன்"னார். அதுக்கு முன்னாடி அந்த மனுஷன்கிட்ட நான் பேசினது மொத்தமே நாலு வார்த்தைதான் இருக்கும். படகு வர்ற வரைக்கும் படிக்கட்டுலயே உக்காந்திருந்தார்.

உதவி எல்லாரும்தான் பண்ணினாங்க அன்னைக்கு, பள்ளிவாசல்ல இருந்து சாப்பாடு வந்துச்சு, மீனவங்க படகு கொண்டு வந்தாங்க, அதை மறக்கவே முடியாது. நான் சொல்றது அந்த நோட்டைப் பத்தி. பேர் எழுதின ஒரு நோட்டு இருந்ததால தேடி வந்தாங்க. ஃபாரம் பூர்த்தி பண்றப்ப இதெல்லாம் எதுக்கு, ஆண்டவருக்கு என் அட்ரஸ் தெரியாதான்னு நக்கல் அடிச்சவன் நான்.

பழைய கதையும் இதேதான். சாத்தான்குளம் பக்கத்துல முதலூர்னு ஒரு ஊர் இருக்கு, மஸ்கோத் அல்வாக்கு இப்ப பேர் போன ஊர். 1799ல புதுசா கிறிஸ்தவங்க ஆனவங்களை சொந்த ஊர்ல அடிச்சு விரட்டினப்ப, இடம் வாங்கி ஒண்ணா குடியேறின முதல் ஊர், அதான் முதலூர். பின்னாடி ரேனியஸ் ஐயர்ங்கிற ஜெர்மன் மிஷனரி காலத்துல இப்படி நிலம் வாங்கிக் குடியேத்துறதுக்குன்னே தர்ம சங்கம்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. அவங்களுக்கு சபைன்னா ஞாயித்துக்கிழமை ஒன்றரை மணி நேரம் கிடையாது, அடிச்சா ஓடி வந்து நிக்கிற இடம். எங்க ஆச்சி உலை வைக்கிறப்ப எல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்து தனிப் பானைல போடுவா, மாசக் கடைசில அது கோயிலுக்குப் போகும், வீட்ல அரிசி குறைவா இருந்த நாள்லயும் போட்டா. அந்தப் பானைக்குப் பின்னாடி ஒரு கணக்கு இருந்திருக்கு, நமக்குத்தான் அது தெரியாம போச்சு.

"வீட்லயே பைபிள் வாசிச்சு ஜெபம் பண்ணா போதாதா"ன்னு கேக்கிறவங்களுக்கு, பண்ணுங்க, நல்லதுதான், கண்டிப்பா பண்ணணும். ஆனா பவுல் எழுதின நிருபங்களை எடுத்துப் பாருங்க, பாதிக்கு மேல சபைகளுக்கு எழுதினது. ஒருத்தரையொருத்தர் தாங்குங்க, ஒருத்தரையொருத்தர் மன்னிங்க, ஒருத்தர் பாரத்தை ஒருத்தர் சுமங்கன்னு வரிக்கு வரி வருதே, தனியா ரூம்ல உக்காந்து யாரை மன்னிப்பீங்க? எனக்குப் பிடிக்காத ஒரு அண்ணாச்சி கொயர்ல சத்தமா தப்பா பாடுவார், அவர் பக்கத்துல நின்னு சமாதானம் சொல்லிக் கை குடுக்கிறதுல நான் கத்துக்கிட்டது எந்த ஆன்லைன் மெசேஜ்லயும் கிடைக்கல. 2020ல கோயில் பூட்டிக் கிடந்தப்ப ஈஸ்டர் ஆராதனையை நாம எல்லாருமே போன்லதான் பாத்தோம், வேற வழி இல்ல, படுக்கைல இருக்கிறவங்களுக்கு இன்னைக்கும் அது பெரிய உதவி. நடமாடுறவங்க அதை விட்டு வெளிய வரணும்.

பேர் சேர்த்தாச்சுன்னா ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்குங்க, ஒண்ணே ஒண்ணு, பெருசா வேணாம். பாட வந்தா கொயர், பொறுமை இருந்தா ஓய்வுநாள் பாடசாலை, ரெண்டும் இல்லைன்னா சேர் அடுக்குங்க. நான் பேர் சேர்த்த வருஷம் அறுப்பின் பண்டிகை ஏலத்துல நின்னேன். ஆல்டர் முன்னாடி காணிக்கையா வந்த வாழைத்தார், தேங்காய், நாட்டுக்கோழி, முட்டை, ஒரு பாட்டி வீட்டுக் கொல்லைல காய்ச்ச ஒரே ஒரு பாகற்காய். அந்தப் பாகற்காய் ஐம்பது ரூபாய்ல ஆரம்பிச்சு எண்ணூறுக்குப் போச்சு, எடுத்தவர் அதை அந்தப் பாட்டிகிட்டயே குடுத்து "மறுபடி ஏலம் விடுங்க"ன்னார், ரெண்டாவது தடவை எழுநூறு. பாட்டி முந்தானையால வாயைப் பொத்திட்டு சிரிச்சதை நான் மறக்கல. ஏலம் கூவ ஆள் வேணும், எழுத ஆள் வேணும், கோழியைப் பிடிச்சுக்க ஆள் வேணும், போய் நின்னா உங்களுக்கும் ஒரு வேலை இருக்கும்.

கத்தோலிக்கரா இருந்தா முறை கொஞ்சம் வேற. குடியிருக்கிற இடத்தை வச்சே உங்க பங்கு எதுன்னு இருக்கும், பங்குத்தந்தையைப் பாத்து குடும்பத்தைப் பதிஞ்சுக்கணும், அன்பியம் (பக்கத்து வீட்டுக் குடும்பங்க சேர்ந்த ஜெபக் குழு) எதுன்னு கேட்டு அதுல சேரணும். பெந்தெகொஸ்தே சபைல சேரப் போறீங்கன்னா, சின்ன வயசுல எடுத்த ஞானஸ்நானத்தை ஒத்துக்க மாட்டாங்க, தண்ணில முழுகி முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கச் சொல்வாங்க. அதை வீட்ல பேசாம எடுத்துட்டு வந்து நின்னா அம்மா மூணு மாசம் பேச மாட்டாங்க, நிதானமா யோசிச்சு முடிவு எடுங்க.

கல்யாண விஷயம் ஒரு வரி. நம்ம முறைப்படி கோயில்ல மூணு ஞாயிறு ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிக்கணும், ரெண்டு பக்க சபைல இருந்தும் கடிதம் போகணும். கல்யாணம் நிச்சயம் ஆன பிறகு சபையைத் தேடி ஓடி வந்து அஞ்சு வருஷ சந்தாவை ஒரே நாள்ல கட்டுற மாப்பிள்ளைங்களை எங்க செயலாளர் பாத்துட்டே இருக்கார், ரசீது எழுதுறப்ப ஒரு பார்வை பாப்பார் பாருங்க.

மனஸ்தாபம் வரும், வராம இருக்காது. கமிட்டி எலெக்‌ஷன் வந்தா அரசியல் கட்சியே தோத்துப் போற அளவுக்கு நடக்கிற இடமும் உண்டு. சண்டை வந்தா சம்பந்தப்பட்டவர்கிட்ட முதல்ல தனியா பேசுங்க, கேக்கலைன்னா ஒரு பெரியவரைக் கூட்டிட்டுப் போங்க, வாட்ஸ்அப் குரூப்ல போடாதீங்க, அதோட முடிஞ்சது கதை. வெளிய போறதுன்னு முடிவு பண்ணினாலும் சொல்லிட்டு, லெட்டர் வாங்கிட்டு, அடுத்த சபைக்குப் போங்க. லெட்டர் இல்லாம கிளம்பினவங்க முக்கால்வாசிப் பேர் எங்கயும் போய்ச் சேரல, நான் பாத்திருக்கேன்.

எங்க ஏரியா லீடர் போன வருஷம் முழங்கால் ஆபரேஷன் பண்ணிக்கிட்டதால அந்த நோட்டை என்கிட்ட குடுத்துட்டார். தண்ணி பட்டு ஓரமெல்லாம் பழுப்பாகி அப்பளம் மாதிரி நெளிஞ்சு இருக்கு. ஒவ்வொரு பேர் பக்கத்துலயும் பென்சில்ல பொடி எழுத்து, "பெல் வேலை செய்யாது, தட்டணும்", "நாய் உண்டு", "பாட்டிக்குக் காது கேக்காது, பின்வாசல்". 2015ல என் பேருக்கு நேரா என்ன எழுதியிருந்தார்னு தேடிப் பாத்தேன். "புதுசு. கூச்சப்படுவான். நாமதான் போகணும்."